பூச்சி பிடிக்கும் வலை: வந்த கதையும் வாங்கும் விதமும்

(பண்ணை ஒலிபரப்பில் வந்த உரை)



பூச்சி பிடிக்கும் வலை என்றதும் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். "வண்ணத்துப்பூச்சி பிடிக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதை எங்களுக்கு ஏனய்யா சொல்கிறீர்கள்?" என்று கேட்கலாம். கேட்பதில் தப்பில்லை. ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். மருந்துக் கடையில் போய் நின்று பணத்தை எடுத்து நீட்டுகிறோமே, அதற்கு முன்னால் நம் வயலில் என்ன பூச்சி இருக்கிறது, எத்தனை இருக்கிறது, அந்தப் பூச்சியைத் தின்கிற நல்ல பூச்சி எத்தனை இருக்கிறது என்று நமக்குத் தெரிகிறதா? இதைத் தெரிந்துகொள்ள நம்மிடம் கண் இருக்கிறது, கை இருக்கிறது. அதற்கு அடுத்தபடியாக இருக்கும் மலிவான கருவி இந்த வலைதான். ஒரு கம்பு, ஒரு கம்பி வளையம், ஒரு துணிப்பை. அவ்வளவுதான் அதன் உருவம்.

ஆனால் எல்லா வலையும் ஒன்றல்ல. மீன் பிடிக்கிறவரிடம் போய் "ஒரு வலை வேண்டும்" என்று கேட்டுப் பாருங்கள். "எங்கே போடப் போகிறீர்கள், என்ன மீனுக்கு?" என்றுதான் முதலில் கேட்பார். பூச்சி வலையும் அப்படித்தான். ஏறக்குறைய இருநூற்றைம்பது வருஷமாக மனிதன் மூன்று காரியத்துக்காகப் பூச்சி வலையைக் கையில் எடுத்திருக்கிறான். பூச்சியைச் சேர்த்து வைக்க எடுத்தான். பூச்சியைக் கொல்ல எடுத்தான். பூச்சியை எண்ணிப் பார்க்க எடுத்தான். காரியம் மாற மாற வலையும் மாறிக்கொண்டே வந்தது. இந்தக் கதையைத் தெரிந்துகொண்டால், உங்களுக்கு எந்த வலை தேவை என்பது எளிதில் விளங்கிவிடும்.

சேர்த்து வைக்க ஒரு வலை

இங்கிலாந்தில் மோசஸ் ஹாரிஸ் என்ற ஓவியர் 1766-இல் 'ஆரேலியன்' என்று வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி ஒரு பெரிய படப் புத்தகம் வெளியிட்டார். அதன் முகப்புப் படத்திலேயே அந்தக் காலத்து வலையைப் பார்க்கலாம். அதற்கு வளையம் கிடையாது. நுனி வளைந்த இரண்டு நீளக் கம்புகள். அவற்றுக்கு நடுவில் மெல்லிய வலைத் துணி. இரண்டு கையிலும் ஒவ்வொரு கம்பைப் பிடித்துக்கொண்டு, பூச்சி பக்கத்தில் வந்ததும் புத்தகத்தை மூடுகிற மாதிரி மூடிவிட வேண்டும். பூச்சியின் சிறகு உடையாமல் கிடைக்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய கவலை. அதனால் துணி மெல்லியதாக இருந்தது. ஆனால் இரண்டு கையும் வலைக்கே போய்விடும். பிற்காலத்தில் ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் புழங்கிய, ஒரே கையால் வீசக்கூடிய வளைய வலை அங்கேயும் பரவியது. இன்று நாம் பார்க்கிற வலை அந்த வளைய வலையின் வாரிசுதான்.

அதே காலத்தில் நம் தரங்கம்பாடிக்கு ஒரு மருத்துவர் வந்து சேர்ந்தார். யோஹான் கெர்ஹார்ட் கூனிக் என்று பெயர். செடி கொடி, விலங்கு, பூச்சி எல்லாவற்றுக்கும் முறைப்படி பெயர் வைக்கும் வழியை வகுத்த சுவீடன் நாட்டு லின்னேயஸிடம் படித்தவர். 1768-இல் டேனிஷ் மிஷனுக்கு மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்தார். பிறகு ஆற்காட்டு நவாபிடமும் வேலை பார்த்தார். வைத்தியம் போக மீதி நேரத்தில் செடியும் பூச்சியும் சேகரித்தார். தஞ்சைப் பகுதிக் கறையான்களைப் பற்றி 1779-இல் கட்டுரையே எழுதியிருக்கிறார். அவர் அனுப்பிய பூச்சிகளுக்கு, லின்னேயஸின் இன்னொரு மாணவரான ஃபேப்ரிசியஸ் ஐரோப்பாவில் உட்கார்ந்து பெயர் வைத்தார்.

"பெயர் வைத்து நமக்கு என்ன லாபம்?" என்று கேட்பீர்கள். லாபம் இருக்கிறது. ஒரே பூச்சிக்கு நம் ஜில்லாவில் ஒரு பெயர், பக்கத்து ஜில்லாவில் ஒரு பெயர், கேரளத்தில் வேறு பெயர், ஜப்பானில் வேறு பெயர். பொதுவாக ஒரு பெயர் இருந்தால்தான் அங்கே கண்டுபிடித்த வைத்தியம் இங்கே நம் பயிருக்கு வந்து சேரும். அந்த வேலையை இந்தச் சேகரிப்பு வலைகள்தான் செய்து கொடுத்தன. 2018-இல் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பூச்சிகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். அந்தப் பக்கம் போனால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

கொல்ல ஒரு வலை

இனி இரண்டாவது காரியம். 1903-இல் இந்திய அரசாங்கத்துக்குப் பூச்சியியல் வல்லுநராக மாக்ஸ்வெல் லெஃப்ராய் என்பவர் வந்தார். பீகாரில் உள்ள பூசாவில் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்ட காலம் அது. 1906-இல் இந்தியப் பயிர்ப் பூச்சிகளைப் பற்றி அவர் புத்தகம் எழுதினார். அதே 1906-இல்தான் சென்னை சைதாப்பேட்டையில் இருந்த விவசாயக் கல்லூரி கோயம்புத்தூருக்கு மாறியது. 1914-இல் ஃப்ளெட்சர் என்பவர் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி எழுதிய புத்தகம் வெளிவந்தது. 1940-இல் நம்மவரான டி. வி. ராமகிருஷ்ண ஐயர் தென்னிந்தியப் பயிர்ப் பூச்சிகளைப் பற்றி ஒரு கைநூல் கொண்டுவந்தார்.

அந்தக் காலத்தில் இன்று இருப்பது போல மருந்துக் கடை ஏது? வெட்டுக்கிளி வந்தாலும், முள்வண்டு வந்தாலும், கதிர் நாவாய்ப்பூச்சி வந்தாலும் கையால் பிடிப்பது, வலையால் வாருவது, பையை வயலில் இழுப்பது, கயிறு கட்டி இழுப்பது இவைதான் வழி. கூண்டுப்புழுவுக்கு மண்ணெண்ணெய் தோய்த்த கயிற்றைப் பயிர் மேல் இழுத்து, கூண்டுகளைத் தண்ணீரில் தள்ளி, தண்ணீரை வடித்துவிடும் முறையை உங்கள் தாத்தாமார் செய்திருப்பார்கள். இன்றைக்கும் அது நல்ல முறைதான்.

கொல்லுகிற வலைக்கு மெல்லிய துணி உதவாது. நெல் தாளின் ஓரம் அரம் மாதிரி இருக்கும். நாலு தடவை வீசினால் கொசுவலைத் துணி கிழிந்து தொங்கும். அதனால் காடாத் துணி, சாக்குத் துணி என்று கனமாக எடுத்தார்கள். வாயும் அகலமாக வைத்தார்கள். சிறகு உடைந்தால் என்ன, கால் ஒடிந்தால் என்ன? பிடித்ததை மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் கொட்டப் போகிறோம், அவ்வளவுதானே!

ஆனால் இதற்கு ஆள் நிறைய வேண்டும். ஒருவர் வாரி, பக்கத்து வயல்காரர் வாராமல் விட்டால் நாலு நாளில் பூச்சி திரும்ப வந்துவிடும். பூக்கும் பயிரில் வலையை இழுத்தால் பூ உதிரும். இந்தக் கஷ்டங்களால் விவசாயிகள் வேறு வழி வராதா என்று காத்திருந்தார்கள். அந்த நேரத்தில்தான் டி.டி.டி. வந்தது. அது பூச்சியைக் கொல்லும் என்று சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பால் முல்லர் 1939-இல் கண்டுபிடித்தார். 1948-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பின்னாலேயே பி.எச்.சி. போன்ற தூள்களும் வந்தன. வலையைத் தூக்கி மூலையில் போட்டோம். தூவினால் சாகிறதே, வாரிக்கொண்டு கிடப்பானேன் என்று நினைத்தோம். அந்தப் பி.எச்.சி.யை 1997-இல் நம் நாட்டில் தடையே செய்துவிட்டார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும்.

கடல் நடுவில் கட்டிய வலை

இந்த இடத்தில் உங்களை ஜப்பான் வரைக்கும் அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. காரணம், நம்மைப் படாத பாடு படுத்துகிற புகையான் அங்கேயும் நெல்லுக்கு எமன். 1732-இல் மேற்கு ஜப்பானில் தத்துப்பூச்சிகள் நெல்லை அழித்துப் பெரும் பஞ்சமே வந்தது. வயல் தண்ணீரில் திமிங்கில எண்ணெயை விட்டு, பயிரைத் தட்டி, பூச்சியை அதில் விழவைத்துக் கொல்வது அவர்கள் வழக்கம். நம் மண்ணெண்ணெய்க் கயிற்றுக்கு அது அண்ணன் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அவர்களுக்கு ஒரு புதிர் விடுபடவே இல்லை. ஜப்பானின் குளிரில் புகையான் பிழைத்திருக்க முடியாது. அப்படியிருக்க ஒவ்வொரு வருஷமும் கோடை மழைக்காலத்தில் புதுசாக எங்கிருந்து வருகிறது? 1967 ஜூலையில் விடை கிடைத்தது. ஜப்பானுக்குத் தெற்கே சுமார் 500 கிலோமீட்டர் தூரத்தில், நடுக்கடலில் வானிலை பார்க்க நின்றிருந்த ஒரு கப்பலைச் சுற்றித் தத்துப்பூச்சிகள் கூட்டம் கூட்டமாக வந்தன. புகையானும் அதில் இருந்தது. சுற்றிலும் தண்ணீர், ஒரு நெற்பயிர் கிடையாது! அதற்குப் பிறகு கிசிமோட்டோ என்ற ஆராய்ச்சியாளர் கப்பலில் பெரிய வலைகளை உயரக் கட்டி, கிழக்குச் சீனக் கடலில் காற்றோடு வரும் பூச்சிகளைப் பிடித்துக் கணக்கெடுத்தார். சீனப் பக்கமிருந்து காற்றில் ஏறி, கடல் தாண்டி வருகிறது புகையான் என்பது உறுதியானது.

இந்த வலையைக் கவனியுங்கள். இதற்குக் கைப்பிடியும் இல்லை, வீசுவாரும் இல்லை. அகன்ற வாயைக் காற்றுக்குக் காட்டி நிற்கும். காற்றே பூச்சியைக் கொண்டுவந்து போடும். எத்தனை பூச்சி, எந்த நாள், எந்தக் காற்றில் என்று குறித்துக்கொள்வதுதான் வேலை. பூச்சியைக் கொல்லாமலேயே ஒரு நாட்டு விவசாயிகளுக்குப் பெரிய உபகாரம் செய்தது அந்த வலை. மூன்றாவது காரியமான எண்ணிப் பார்ப்பதன் அருமை இதில் தெரிகிறது.

எண்ணிப் பார்க்க ஒரு வலை

நம் வயலில் எண்ணுகிற வலை ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது. 1966-இல் பிலிப்பைன்ஸ் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஐ.ஆர்.8 வந்தது. விளைச்சல் கூடியது, உரம் கூடியது, மருந்தும் கூடியது. அதுவரை அவ்வளவாகத் தலைகாட்டாத புகையான் ஊர் ஊராகக் கிளம்பியது. 1973-74-இல் கேரளத்தில் குட்டநாட்டு வயல்கள் கருகிப்போயின. 1976-77-இல் இந்தோனேசியாவில் பெரும் நாசம்.

மருந்து அடிக்க அடிக்கப் புகையான் ஏன் கூடுகிறது? பீட்டர் கென்மோர் என்ற பூச்சியியல் வல்லுநர் பிலிப்பைன்ஸ் வயல்களில் இதைப் பார்த்துப் பார்த்துக் கணக்கெடுத்தார். மருந்து அடித்த வயலில் சிலந்திகள் செத்துவிடுகின்றன. புகையானின் முட்டையோ தாளுக்குள்ளே பத்திரமாக இருக்கிறது. முட்டை பொரிந்து குஞ்சு வெளியே வரும்போது தின்ன ஆளில்லை. அப்புறம் கேட்பானேன்? மருந்தே அடிக்காத வயலில் புகையான் குறைவாகவும், அடித்த வயலில் கூடுதலாகவும் இருந்தது.

இந்தோனேசியா 1984-இல் அரிசியில் தன்னிறைவு பெற்றது. இரண்டே வருஷத்தில் ஜாவாத் தீவில் புகையான் அந்தத் தன்னிறைவையே ஆட்டிவைத்தது. 1986 நவம்பரில் அந்த நாட்டு அதிபர், நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளை உபயோகிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். மருந்துக்குக் கொடுத்துவந்த மானியத்தையும் படிப்படியாகக் குறைத்து 1989-க்குள் நிறுத்திவிட்டார்கள். அதே 1989-இல் அங்கே உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. கரும்பலகையும் பெஞ்சும் கிடையாது, வயல்தான் வகுப்பு. வாரம் ஒருநாள் காலையில் விவசாயிகள் கூட்டமாக வயலில் இறங்கி, பூச்சியைப் பிடித்து, கெட்டது இத்தனை, நல்லது இத்தனை என்று எண்ணி, தாளில் படம் போட்டு, மருந்து வேண்டுமா வேண்டாமா என்று அவர்களே முடிவு செய்தார்கள். இந்த முறை நம் நாட்டுக்கும் வந்தது. மூலையில் போட்ட வலை மறுபடி கைக்கு வந்தது. இந்தத் தடவை பூச்சியைக் கணக்குப் பார்க்க வந்தது.

எந்த வலை வாங்குவது?

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். வயலில் கணக்கெடுக்க வேண்டுமானால் உங்களுக்குத் தேவை வீசும் வலை. கடையில் வாங்கினாலும் சரி, ஊர்த் தையல்காரரிடம் கொடுத்துத் தைத்தாலும் சரி, இந்த அம்சங்களைப் பாருங்கள்.

வளையம்: வாய் அகலம் ஒன்றேகால் அடி, அதாவது 38 செ.மீ. அளவில் இருக்கட்டும். வளையாத கனமான கம்பி வேண்டும். மெல்லிய கம்பி பயிரில் பட்டதும் கோணிக்கொள்ளும். வாய் கோணினால் கணக்கும் கோணும்.

துணி: வெள்ளைக் காடாத் துணி நல்லது. வெள்ளையில்தான் சின்ன ஒட்டுண்ணிக் குளவிகூடக் கண்ணுக்குப் படும். ஒன்றேகால் அடி வளையத்துக்குச் சுற்றளவு ஏறக்குறைய 4 அடி. அந்த அகலத்தில் இரண்டரை அடி நீளத் துணி எடுத்தால் போதும். தையலுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். வளையத்தைச் சுற்றி வரும் விளிம்புக்குக் கித்தான் துணி வைத்துத் தையுங்கள். முதலில் தேய்வது அங்கேதான்.

பையின் ஆழம்: வாய் அகலத்தைப் போல இரண்டு மடங்குக்குக் குறையக் கூடாது. காரணம், வீசி முடித்ததும் வளையத்தை ஒரு திருப்புத் திருப்பினால் பை வளையத்தின் மேல் மடிந்து வாயை மூட வேண்டும். ஆழம் குறைந்தால் மூடாது, பிடித்ததெல்லாம் பறந்துவிடும். அடிப்பக்கம் உருண்டையாக இருக்கட்டும். கூர்மையாகத் தைத்தால் பூச்சிகள் மூலையில் சிக்கி நசுங்கும்.

கைப்பிடி: இரண்டரை அடியிலிருந்து மூன்று அடி. லேசான மூங்கில் போதும்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வண்ணத்துப்பூச்சி, தும்பி பிடித்துப் பார்ப்பதற்கு என்றால் கதை வேறு. அதற்கு நைலான் கொசுவலைத் துணியும் நீளக் கைப்பிடியும்தான் சரி. அந்த வலையை நெல்லில் வீசாதீர்கள். இந்தக் காடா வலையை வண்ணத்துப்பூச்சி மேல் வீசாதீர்கள்.

வீசும் விதமும் முக்கியம். காற்று அடங்கிய காலை நேரத்தில், பனி ஈரம் காய்ந்த பிறகு வயலில் இறங்குங்கள். ஈரத்தில் துணி நனைந்து பூச்சி ஒட்டிக்கொள்ளும். மூலைக்கு மூலை நடந்துகொண்டே, ஒரு எட்டுக்கு ஒரு வீச்சு, இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று பயிரின் மேல்பாகத்தை வாருங்கள். பூக்கும் பயிரில் வலையைப் போட வேண்டாம். 25 வீச்சு ஆனதும் வாயை மூடி, பிடித்ததைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையில் மாற்றி எண்ணுங்கள். அடுத்த தடவையும் அதே வலை, அதே நேரம், அதே வீச்சு. ஒரு வாரம் பெரிய வலை, மறுவாரம் சின்ன வலை என்றால் கூடியது பூச்சியா வலையா என்று தெரியாது.

25 வீச்சில் பச்சைத் தத்துப்பூச்சி 60 கிடைத்தால் மருந்தைப் பற்றி யோசிக்கலாம் என்பது நம் வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை. துங்ரோ நோய் வழக்கமாக வரும் ஊர் என்றால், வலைக் கணக்குக்குக் காத்திராமல் குத்துக்கு 2 பூச்சி கண்டாலே உஷாராக வேண்டும். அதே பைக்குள் சிலந்தி, பொறிவண்டு, ஊசித்தட்டான், குளவி எத்தனை என்றும் எண்ணுங்கள். அவை சம்பளம் கேட்காத வேலையாட்கள். எண்ணி முடித்ததும் அவற்றை வயலிலேயே விட்டுவிடுங்கள்.

வலை காட்டாத பூச்சி

கடைசியாக ஒரு எச்சரிக்கை. ஒரு கிராமத்தில் ஒரு விவசாயி வலையை ஒழுங்காக வீசி, ஒழுங்காக எண்ணி, "சார், வலையில ஒண்ணும் பெருசா விழல" என்று சந்தோஷமாகச் சொன்னார். குனிந்து தூரை விலக்கிப் பார்த்தால், தண்ணீர் மட்டத்துக்கு மேலே புகையான் அப்பிக்கிடக்கிறது! வலை பொய் சொல்லவில்லை. புகையான் இருப்பது அடித்தூரில். வலை வாருவது மேல்பாகத்தை. கடலில் காற்றோடு வரும் புகையானை வலையால் பிடித்தார்கள்; வயலில் தூரில் உட்கார்ந்த புகையானை வலையால் பிடிக்க முடியாது. அதற்குக் குத்தைச் சாய்த்துத் தட்டி, தண்ணீரில் விழுவதை எண்ண வேண்டும். தூருக்கு ஒரு பூச்சி என்பது அளவு. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். அதேபோல் தாளுக்குள் இருக்கும் குருத்துப்பூச்சிப் புழுவையும், சுருட்டிய இலைக்குள் இருக்கும் இலைச் சுருட்டுப்புழுவையும் வலை காட்டாது. கதிர் நாவாய்ப்பூச்சியையும் கதிரைப் பார்த்தே எண்ண வேண்டும். பூக்கும்போது 100 கதிருக்கு 5 பூச்சி, பால் பிடித்த பிறகு 100 கதிருக்கு 16 என்பது கணக்கு.

ஆகவே விவசாயப் பெருமக்களே, வலை வாங்கப் போகுமுன் "எதற்கு?" என்று உங்களையே ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். சேர்த்து வைக்கவா, வாரிக் கொல்லவா, எண்ணிப் பார்க்கவா? எண்ணிப் பார்க்க என்றால், எந்தப் பூச்சியை, பயிரின் எந்தப் பாகத்தில்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் துணியும் கம்பியும் தையல்காரர் பார்த்துக்கொள்வார். ஊருக்கு நாலு பேர் சேர்ந்து ஒரே அளவில் நாலு வலை தைத்து, வாரம் ஒருநாள் வீசி, கிடைத்த கணக்கை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போங்கள். பல தடவை பாதி வழியிலேயே திரும்பி வந்துவிடுவீர்கள்.